நகராமல் நிற்கத் தெரிந்தவன்

"ஐயையோ... யாரு என் கப்பலத் தொட்டது?"

பின்னாலிருந்து வந்த சத்தத்தில் ஷர்மினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினால், கையில் டீ கிளாஸோடு ஒருவன். சாரலில் நனைந்த தலை, நெற்றியில் சொட்டும் தண்ணீர்... அவன் கண்கள் அவளைப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டரைத்தான் பார்த்தன.

"ஸ்கிரீன் இருட்டா இருந்துச்சு... ஒரு கீயத் தட்டுனேன்."

"அரை மணி நேரமாப் புடிச்சு நிப்பாட்டுனதுங்க! எங்கன போயிருச்சு பாருங்க!"

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வினோத்ராஜ் நடத்தும் பிரவுசிங் சென்டர் அது. 2006, ஜூன் மாதச் சாரல். பிஸிக்ஸ் இறுதியாண்டு செமினாருக்கு ஏதாவது தேறுமா என்று வந்தவள் ஷர்மின். ஸ்கிரீனில் பூமி நீலமாக உருண்டது. அதற்கு மேலே பறக்கும் ஒரு விண்கலத்தின் பின்னால், ஐம்பது மீட்டர் தள்ளி, ஒட்டாமலும் விலகாமலும் தன் கலத்தை நிறுத்தி வைப்பதுதான் விளையாட்டாம். இப்போது அந்த முன்கலம் வெறும் புள்ளியாகத் தெரிந்தது.

"இதுக்கா இந்தக் கத்து? வேகத்தக் கூட்டி விரட்டிப் புடிங்க."

"எங்க, நீங்களே புடிங்க பாப்போம்!"

வீம்பாக உட்கார்ந்தாள். வேகத்தைக் கூட்டினாள். முதலில் நெருங்குவது போல இருந்தது... அப்புறம் அவள் கலம் மெல்ல மேலே ஏறி, பின்தங்கியது. இன்னும் கூட்டினாள். இன்னும் தள்ளிப் போனது. ஷர்மினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை வருஷம் படித்ததெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது?

உள்ளங்கையில் விரலால் கணக்குப் போட்டாள். சட்டென்று கண்கள் விரிந்தன.

"வேகம் கூடுனா மேல ஏறுது... சுத்து பெருசாகுது, அதான் பின்தங்குது. அப்ப, முன்னாடி போறதப் புடிக்கணும்னா வேகத்தக் குறைக்கணும்!"

"ஆறு மாசமாக் கைப்பழக்கத்துல செய்றேன்... ஏன்னு இன்னைக்குத்தாங்க தெரியுது."

அப்போதுதான் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். கொஞ்சம் தாமதமாகத்தான் தாழ்த்தினாள் என்பது அவளுக்கே தெரியும்.

சனிக்கிழமைதோறும் எங்கிருந்தோ பஸ் ஏறி வந்து கடை மெஷின்களைப் பழுது பார்த்துத் தருபவன் அவன். அதற்குக் கூலி இந்த விளையாட்டு. செமினார் முடிந்த பிறகும் ஷர்மினுக்குச் சனிக்கிழமைகளில் தேட ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. வினோத்ராஜ் அவனை "பாய்" என்பான், அவளைத் "தங்கச்சி" என்பான். பெயர் கேட்டால் தப்பாக நினைப்பாளோ என்று அவனும், கேட்காமல் எப்படிச் சொல்வது என்று அவளும்... பெயர் தெரியாமலே ஆடி மாதம் வந்துவிட்டது.

அந்த வாரம்தான் கம்பத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏலக்காய் வியாபாரி ஜெய்லானி வீட்டுப் பெண்கள். வழக்கப்படி மாப்பிள்ளை வரவில்லை. அவன் அம்மா ரம்லத் வாஞ்சையாகத் தலையைத் தடவி மல்லிகை வைத்தார். இதை எப்படித் தட்டுவது என்று ஷர்மின் தவித்துக்கொண்டிருக்கையில், இரண்டே நாளில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையனுக்கு விருப்பமில்லையாம்!

அவளைப் பெற்ற அத்தா ஹக்கீம் கொதித்துப் போனார். "இனி அந்த வீட்டாளுக என் வாசப்படி மிதிக்கக் கூடாது. போடியில இருந்து வர்ற ஞாயித்துக்கிழமை வேற எடம் வர்றாக. புடிச்சிருந்தா அன்னைக்கே பேசி முடிச்சிருவோம்."

தப்பித்தோம் என்று சந்தோஷப்படுவதா? முகத்தைக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்ல அவன் யார் என்று கோபப்படுவதா? போடிக்காரர்களை நினைத்துப் பயப்படுவதா? எதை முதலில் செய்வதென்று தெரியாமல் குழம்பிப் போய், சனிக்கிழமை பர்தாவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவன் ஏற்கெனவே அங்கே இருந்தான். விளையாட்டில் மனசில்லை.

"என்ன, கப்பல் ஆடுது?" பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வீட்ல சண்டைங்க. இந்த ஊர்லதான் ஒரு பொண்ணு பாத்துட்டு வந்தாக... நான் வேணாம்னுட்டேன்."

ஷர்மினின் விரல்கள் நின்றன. "இந்த ஊர்லயா? யாரு வீட்ல?"

"மிளகு மண்டி ஹக்கீம் வீட்லயாம். பொண்ணு பேருகூட... ஷர்மினோ என்னமோ."

அவள் கை கீயின் மேல் அழுந்திக் கிடந்தது. திரையில் கலம் தறிகெட்டு ஓடியது. இவனா? என்னை வேண்டாம் என்றவன்... இவனா? அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டில் எதற்கும் இடம் கொடுக்காமல் கோபம் முந்திக்கொண்டது.

"பாக்காமயே வேணாம்னு சொல்றீகளே, அந்தப் பிள்ள மனசு என்ன பாடுபடும்?"

"பாவந்தாங்க. ஆனா நான் என்ன செய்ய... மனசுல வேற ஆளு வந்தாச்சே." குரல் இறங்கியது. "சனிக்கிழமை ஆனா எனக்கு வேற ஞாபகமே இல்ல. உங்களத்தான்... எனக்குப் புடிச்சிருக்கு. பேரு கேக்கத்தான் தைரியமில்ல."

படக்கென்று எழுந்து கதவு வரை போய்விட்டாள். வெளியே மழை வலுத்திருந்தது. போயிடு ஷர்மின், உன்னை வேண்டாம் என்றவன்... இப்படியே வீட்டுக்கு ஓடினால் நாளைக்குப் போடிக்காரர்கள்தான். ஓடினால் தள்ளித்தான் போகும், வேகத்தைக் குறைத்தால்தானே பிடிக்க முடியும்? மூச்சை இழுத்து விட்டுத் திரும்பி வந்தாள்.

"என் பேரு ஷர்மின். மிளகு மண்டி ஹக்கீம் மக."

டீ கிளாஸ் அவன் கையில் சாய்ந்து சட்டையெல்லாம் நனைந்தது. "அப்ப... நான் உங்களுக்காக... உங்களையேவா வேணாம்னேன்?"

"ஆமா! இனி உங்க அம்மா வந்தாலும் அத்தா உள்ள விட மாட்டாக. நாளைக்கு வேற எடம் வருது."

"அப்ப இன்னைக்கே நான் வர்றேன்."

"மாப்பிள்ளையே பொண்ணு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறதா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். தப்பு என்னோடது, நான்தான் சொல்லணும். உங்க அத்தா கதவத் தொறக்கிற வரைக்கும் ஐம்பது மீட்டர் தள்ளி நிக்கிறேன்." அவன் கண்களும் கலங்கியிருந்தன. "நகராம நிக்கிறதுதாங்க நான் உருப்படியாக் கத்துக்கிட்டது."

அத்தனை நாள் குழப்பமும் அந்த ஒரு வார்த்தையில் கரைந்தது. ஷர்மின் பர்தா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐம்பது மீட்டரெல்லாம் வேணாம்... கிட்டக்கவே வந்து நில்லுங்க. அத்தா கேட்டா, எனக்கும் உங்களத்தான் புடிச்சிருக்குன்னு உள்ள இருந்து நான் சொல்றேன்." இரண்டடி போய்த் திரும்பினாள். "ஆமா... உங்க பேரு?"

"நசீம்."