ஊமை அழைத்த குதிரை

மாசி மாதத்து முழுநிலவு கீழைக் கடலிலிருந்து எழுந்துகொண்டிருக்க, மேற்கே கதிரவன் முழுவதும் மறைய மனமின்றித் தயங்கி நிற்க, இரண்டு ஒளியும் பொருநையாற்று நீரில் ஒருபுறம் பொன்னையும் மறுபுறம் வெள்ளியையும் உருக்கி ஊற்றிய அந்த இனிய அந்திவேளையில், பவளத்துறைக் கோட்டையின் மேல்மாடத்தில் முதிய பிராட்டி பூதிநங்கை அமர்ந்திருந்தாள். கீழே ஆற்று மணலில் குதிரைகள் புழுதி பறக்கப் பாய்ந்தன. கரையெங்கும் கூடியிருந்த மக்கள், "தால்! தால்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். வேறெந்த ஊர்ப் பந்தயத்திலும் கேட்காத கூச்சல் அது. கேட்டதும் பிராட்டியின் கண்கள் கலங்கின. கூடவே ஒரு குறும்புச் சிரிப்பும் வந்தது. அது ஏன் என்று அறிய வேண்டுமானால், வாசகர்களே, நாம் நாற்பது ஆண்டுகள் பின்னே போகவேண்டும்.

அந்நாளில் பவளத்துறையாருக்குக் குதிரை என்பது ஓடும் பிராணி என்றே தெரியாது, நம்புங்கள்! கடல் கடந்து மரக்கலங்களில் வந்த குதிரைகளைப் பந்தலில் கட்டி, மாலை சூட்டி, புதுமாப்பிள்ளைக்கு விருந்து வைப்பதுபோல் நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் பிசைந்து ஊட்டுவார்கள். வயிறு உப்பி, கால் வீங்கி, ஆண்டு திரும்புமுன் அவை செத்து விழும். ஊரே அழும், அடுத்த மரக்கலம் வரும். குதிரை வைத்தியன் எவனும் இக்கரையில் இறங்கக்கூடாது, இறங்கினால் கல்லைக் கட்டிக் கடலில் எறிவது என்று குதிரை விற்ற அந்த வணிகர்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருந்ததை அப்பாவி ஜனங்கள் எங்கே கண்டார்கள்!

துறைக்கு உரிய சேந்தன் வேளின் ஒரே மகள் பூதிநங்கை. அவள் உயிரையே வைத்திருந்த கொண்டல் என்ற கருங்குதிரையும் அவ்வாண்டு நோயில் படுத்துவிட்டது. அப்போதுதான் எங்கிருந்தோ ஓர் ஊமை இளைஞன் இலாயத்துக்கு வேலை தேடி வந்தான். வந்தவன் முதல் காரியமாக நெய்ச்சோற்றைக் குப்பையில் கொட்டினான். ஊறவைத்த கொள்ளும் பசும்புல்லும் கொடுத்து, கொண்டலை மணலில் நடத்தினான், மெல்ல ஓட்டினான். ஒருநாள் விடியலில் அங்கே சென்ற பூதிநங்கை, ஊமை குதிரையின் காதருகே குனிந்து, "தஆல்" என்று கனிவாக அழைப்பதையும், கொண்டல் அவன் பின்னால் வருவதையும் கண்டு திகைத்து நின்றாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்கே அப்போது தெரியாது. நமக்குத் தெரியாதா என்ன?

அரசக் குதிரையை ஊமை பட்டினி போடுவதாக மடைப்பள்ளி அதிகாரி வேளிடம் முறையிட்டார்.

"பட்டினியல்ல தந்தையே, உயிர்ப்பிச்சை!" என்றாள் பூதிநங்கை. "கொண்டல் இப்போது தங்கள் மயிலைக் காளைகள் பூட்டிய வண்டியையே வென்றுவிடுவான்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. வேளும் சிரித்தார்.

"நல்லது மகளே. வென்றால் இலாயம் முழுவதும் அந்த ஊமையின் பொறுப்பு. தோற்றால் அவன் ஊரைவிட்டுப் போகட்டும். கொண்டலுக்கு மறுபடியும் நெய்ச்சோறுதான்."

"சம்மதம். நானே ஏறி வருகிறேன்."

பந்தயத்தன்று ஊர் முழுவதும் காளைகளின் பக்கம். ஆனால் முரசு அதிர்ந்ததும் கொண்டல் பாய்ந்த பாய்ச்சலைக் கண்டு கரையே எழுந்து நின்றுவிட்டது. நெடுங்காலமாகக் கட்டுத்தறியில் வைத்து ஊட்டிய பிராணிக்குள் இத்தனை அழகு இருந்ததா! பார்த்த கணத்திலேயே ஊர் அதன்மேல் மையல் கொண்டது. அந்த மையலே வினையாயிற்று. கூட்டத்திலிருந்து ஒரு பெண் கைநிறைய நெய்ச்சோற்று உருண்டையோடு குறுக்கே ஓடிவந்தாள்.

"என் ராசா! ஒரு வாய் தின்னுட்டு ஓடுப்பா!"

பழகிய மணம். கொண்டல் நின்றுவிட்டது. பூதிநங்கை கடிவாளத்தை இழுத்தாள், கெஞ்சினாள், அழுதாள், அது அசையவில்லை. காளைகளின் சலங்கை ஒலி நெருங்கியது, கடந்தும் போயிற்று. இந்த ஊரின் அன்பே என் கொண்டலைக் கொல்லப்போகிறதே என்று அவள் நெஞ்சு பதறியது.

எல்லைக்கோட்டருகே முண்டாசால் முகத்தை மறைத்து நின்றான் ஊமை. அவனுக்குப் பத்தடி தள்ளி, விருந்தினர் பந்தலில், குதிரை வணிகரின் மரக்கலத் தலைவன் அமர்ந்திருந்தான். வாய் திறவாமல் இருந்தால் ஊரைவிட்டுப் போவதோடு சரி. திறந்தாலோ கல்லும் கடலும்!

"தஆல்!" என்று அலறினான் அவன்.

கொண்டலின் செவிகள் நிமிர்ந்தன. வாயிலிருந்த சோற்றை உதறிவிட்டு வில்லிலிருந்து விடுபட்ட அம்பாய்ப் பறந்து, காளைகளை ஒரு கழுத்தளவில் முந்தி எல்லையைத் தாண்டியது. காளைகளுக்காகக் கத்தியவர்களே ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மரக்கலத் தலைவன் துள்ளி எழுந்தான். "வேள் பெருமானே! இவன் ஊமையல்லன், என் கலத்திலிருந்து ஓடிய வைத்தியன் ஹாரித். 'தஆல்' என்றால் எங்கள் மொழியில் 'வா' என்பது. அவனை என்னிடம் ஒப்படையுங்கள்!"

பூதிநங்கை குதிரையிலிருந்து இறங்கினாள். "தலைவரே, எங்கள் தமிழுக்குத் தாங்கள் உரிமை கொண்டாடலாமா? தால் என்றால் நாவு. இந்த ஊமைக்கு எங்கள் துறைக்காளி இன்று நாவு கொடுத்தாள். கிடைத்ததை அவன் வாய்விட்டுச் சொன்னான். இதில் என்ன ஐயம்?"

"ஆமா, ஆமா! ஆத்தா குடுத்த தால்! தால்! தால்!" என்று கரை முழுவதும் ஆர்ப்பரித்தது. அத்தனை தொண்டைகளுக்கு முன் ஒற்றைத் தொண்டை என்ன செய்யும்? தலைவன் உட்கார்ந்துவிட்டான்.

சேந்தன் வேள் மகளைக் கூர்ந்து பார்த்தார். மீசைக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டு வாளை உருவினார். "இவ்வாளின்மேல் ஆணை! காளி தொட்ட நாவுக்குத் தீங்கு நினைப்பவனின் கலம் இனி இத்துறையை அணுகாது. இம்மண்ணில் இனி எந்தக் குதிரைக்கும் நெய்ச்சோறு கிடையாது!"

ஹாரித்தின் அருகே சென்ற பூதிநங்கை, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, நடுவே தொண்டை இறுகும் அந்த ஒலியும் பிசகாமல், "தஆல்" என்றாள். எல்லாம் அறிந்தே அவள் அவன் இரகசியத்தைக் காத்திருந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

வாசகர்களே, மீண்டும் அந்த மாசி நிலவுக்கே வருவோம். கீழே பந்தயம் முடிந்தது. மாடத்துப் படியில் கொள்ளு மணக்கும் கைகளோடு நின்ற நரைத்த தாடிக்காரரைப் பார்த்துப் பிராட்டி அதே சொல்லைச் சொன்னாள்.

"நாவு என்றுதானே பொருள்?" என்றபடி வந்து அவள் அருகே அமர்ந்தார் ஹாரித்.