உளிப்பாறை

டங்.

சத்தம் மேலே பாறையிலிருந்துதான் வந்தது. ஆட்டோவின் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த பூவனலிங்கத்தின் கை அப்படியே நின்றது.

பங்குனி மாதத்து மூன்று மணி வெயில். கூகைமலை அடிவாரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. இளநீர்க்காரர் காய்களின் மேல் ஈரச்சாக்கைப் போட்டுவிட்டுப் புளியமர நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கரிசல் காடு வெடித்துக் கிடந்தது.

டங். டங்.

இரும்பு கல்லில் படுகிற சத்தம். அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அது இனி வரக்கூடாது. அந்தத் துவாரத்தை அவனே சிமென்ட் வைத்து அடைத்து இரண்டு மாதம் ஆகிறது.

"என்ன அத்தான், மலையச் சுத்திக் காட்டுதேன்னு சொல்லிட்டு வண்டியத் துடைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

இசக்கிபாண்டி கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். பூவனலிங்கத்தின் மனைவி மாரித்தாயின் தம்பி. குவைத்தில் வேலை. அக்கா செத்தபோது லீவு கிடைக்கவில்லை. நேற்றுத்தான் ஊருக்கு வந்தான். வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று. அக்கா செத்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

"வெயில் தாழட்டுமே, மாப்ள."

"நான் பார்க்காத வெயிலா? வாங்க."

கூகைமலைக்கு வருகிறவர்கள் பார்க்க நான்கு இடங்கள் உண்டு. குடைவரைக் கோயில், சுனை, சமணர் படுக்கை, பாறைமுகத்தில் வரிசையாகச் செதுக்கிய உருவங்கள். ஐந்தாவது இடத்தை உண்டாக்கியவன் பூவனலிங்கம். ஆட்டோ ஓட்டுவதும் அவன்தான், கைடும் அவன்தான். பாதியில் நின்றுபோன ஒரு சிற்பத்துக்குக் கீழே துவாரம் ஒன்று இருந்தது. அதில் காதை வைத்தால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சிற்பியின் உளிச்சத்தம் கேட்கும் என்று, மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்றிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஒன்றும் கேட்கவில்லையே என்றார்கள்.

அடுத்த வாரம் முதல் கேட்டது.

பாறையின் பின்பக்கம், ஒரு ஆள் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய இடுக்கு. மாரித்தாய் அதற்குள் குப்புறப் படுத்து ஒரு பழைய உளியால் தட்டுவாள். மூன்று தட்டு. ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று தட்டு. வெளியே வருவதென்றால் கால்களைப் பின்னால் தள்ளித் தள்ளித்தான் வர வேண்டும். "இன்னைக்கு ஒரு அம்மா அங்கன நின்னு முருகா முருகான்னு அழுவுதா. எனக்கு உள்ள சிரிப்பை அடக்க முடியல" என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இந்த விஷயம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு அந்த நாள். எட்டயபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து காதை வைத்தார்கள். சத்தம் நிற்காமல் வருகிறது என்றார்கள். அடுத்தடுத்து, படபடவென்று. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். "சிற்பிக்கு இன்னைக்கு வேலை ஜாஸ்தி போல" என்றான் பூவனலிங்கம். சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னால் பாறையின் பின்பக்கம் போக முடியுமா? கூட்டத்தைச் சமணர் படுக்கைக்கு நகர்த்திக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது இடுக்கின் வாயில் அவளுடைய பாதங்கள் தெரிந்தன. வலது கணுக்காலில் இரண்டு புள்ளிகள்.

ஆட்டுக்குப் புல் அறுக்கப் போன இடத்தில் விரியன் கடித்துவிட்டது என்றான். ஊர் நம்பியது. உளியைச் சுனையில் போட்டான்.

அவன் அன்றைக்குத் துவாரத்திலிருந்து பத்தடி தள்ளித்தான் நின்றான். பத்தடி. அங்கே எதுவும் கேட்காது. இதைத் தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். இரண்டு மாதமாக அழுகை வரவில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா என்பதுகூடத் தெரிவதில்லை. இன்றைக்கும் அப்படித்தான். சூடேறிய பாறையில் வெறுங்காலோடு ஏறினான். சுடவில்லை.

வௌவால் நாற்றம் வந்தது. ஆட்டுப் புழுக்கை காய்ந்த வாடை. அதற்கும் அடியில் வேறொரு வாடை, வியர்வையில் நனைந்த நூல்சேலையைச் சுருட்டி வைத்துவிட்டு மறந்துபோனால் வருமே, அது. ஒவ்வொரு படிக்கும் அந்தச் சத்தம் நெருங்கி வந்தது. மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. இவர்கள் நின்றால் அதுவும் நின்றது.

"ஏதாச்சும் சத்தம் கேக்குதா, மாப்ள?"

"ஒண்ணும் கேக்கலையே. ஊருக்கெல்லாம் வாய் ஓயாம சொல்லுவீங்களாம். எனக்கு மட்டும் ஊமையாட்டம் வாரீங்க."

புல் கொஞ்சம் முளைத்திருந்த ஒரு சரிவைக் கைகாட்டி, "இங்கனதான்" என்றான் பூவனலிங்கம். இசக்கிபாண்டி குனிந்து அந்த மண்ணைத் தொட்டான். பிறகு அவன் பார்வை எதிரே இருந்த பாறைக்குப் போனது.

"இதானே போன்ல வருது? உளிப்பாறை. குவைத்துல நம்ம பயலுவ எல்லாம் காட்டுனானுவ. காதை வச்சா கேக்குமாம்ல?"

"அடைச்சாச்சு. பூரான் அடையுதுன்னு. வா, சுனையப் பார்ப்போம்."

"அடைச்சா என்ன, சும்மா வச்சுப் பார்க்கேன். இம்புட்டு தூரம் வந்துட்டு."

"வேண்டாம், மாப்ள."

அவன் அதற்குள் மண்டியிட்டுவிட்டான்.

சிமென்ட் பூச்சு ஈரமாக இருந்தது. இரண்டு மாத வெயிலில் காய்ந்த பூச்சு. இப்போதுதான் பூசியதுபோல் கறுத்திருந்தது. இசக்கிபாண்டி கன்னத்தை அதில் பதித்தான்.

சத்தம் நின்றது.

மலை முழுக்க நின்றது.

இசக்கிபாண்டியின் முகத்தில் முதலில் சிரிப்பு இருந்தது. பிறகு சிரிப்பு மட்டும் இருந்தது. கண் அசையவில்லை. "ம்" என்றான். கொஞ்சம் பொறுத்து, மறுபடி "ம்". வெள்ளிக்கிழமைதோறும் அக்காவிடம் போனில் இப்படித்தான் பேசுவான். அவள் பேசுவாள். இவன் ம் போடுவான்.

"எந்திரி, மாப்ள."

"ம்."

பூச்சின் ஓரத்திலிருந்து ஒரு துளி மணல் உதிர்ந்தது. இன்னொரு துளி. உள்ளே ஏதோ சுரண்டியது. இரும்பு அல்ல. நகம்.

பூவனலிங்கம் பின்னால் நகர்ந்தான். ஓர் அடி. இரண்டு. கணக்கு அதுவாகவே மனசில் ஓடியது. ஏழு. எட்டு. ஒன்பது.

பத்து.

இங்கிருந்து எதுவும் கேட்காது. கேட்டது. சுரண்டல் கேட்டது. மூச்சு கேட்டது.

இசக்கிபாண்டி எழுந்திருக்கவில்லை. முகத்தை மட்டும் மெல்ல இவன் பக்கம் திருப்பினான். கன்னத்தில் ஈரச் சிமென்ட் அப்பியிருந்தது. அதில் நான்கு விரல்களின் தடம். குரலில் கோபம் இல்லை.

"அத்தான், அந்த வேன்காரவியளுக்கு முன்னாடி நீங்கதான் மொதல்ல இங்கன காதை வச்சீங்களாமே, அக்கா உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளாமே."