பிடுங்கி வைத்த பிளக்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. ஈரக் கையோடு இருந்தால் துடைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு மனிதர் ஒரே நொடியில் செய்து, இரண்டு வருஷம் மூடிவைத்த காரியம் ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

பட்டப்பகல். பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அந்த ரிப்பேர்காரர் கிதார் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். நான்காவது திருகாணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது மேசைமேல் பிளக் இல்லை. சுவர் சாக்கெட்டில் இருந்தது.

நான்தான் மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டு மறுபடி பிடுங்கினார்.

ஆம்ப்பைத் திறந்தால் அவருடைய இடது கை கால்சட்டைப் பைக்குள் போய்விடும். ஒரே கையால் வேலை செய்தால், ஷாக் அடித்தாலும் மின்சாரம் நெஞ்சைக் கடந்து மறு கைக்குப் போக வழியிருக்காது என்பது கணக்கு. "இன்னொரு கைய வாடகைக்கு விட்டுட்டீங்களா மச்சான்?" என்று தங்கையின் கணவர் கேலி செய்வார்.

இந்த ஆம்ப் அந்த மாப்பிள்ளையுடையதுதான். இவ்வளவு நாள் தங்கை வீட்டுப் பரணில் கிடந்தது. "பொண்ணு கிதார் கத்துக்கிறா அண்ணா. அப்பாவோட ஆம்ப்லதான் வாசிப்பேன்னு ஒரே அடம்" என்று காலையில் கொண்டுவந்த தங்கை, இப்போது உள்ளறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். கோப்பையில் கரண்டி சுற்றும் ஓசை கேட்டது. இந்த இரண்டு வருஷத்தில் அவள் நீட்டிய எதையும் அவர் முகம் பார்த்து வாங்கியதில்லை.

அணைத்த பிறகும் ஆம்ப்பின் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள், அதை வடித்துவிடும் சின்ன ரெசிஸ்டர் கருகியிருந்தது. அதை வெட்டி எறிந்த ரிப்பேர்காரர், புதுசை அப்புறம் போடலாம் என்று விட்டுவிட்டார். மாப்பிள்ளை உதவிக்கு வந்தார். "பிளக்கைப் பிடுங்கிட்டேன் மச்சான். கை வைக்கலாமா?"

"தாராளமா வைங்க மாப்பிள்ளை."

ஷாக் அடித்து விழுந்த மாப்பிள்ளையை இவர் தூக்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. மேசைமேல் கிடந்த பிளக்கை எடுத்து, திரும்பச் சாக்கெட்டில் சொருகினார். அதற்குப் பிறகுதான் கத்தினார்.

"பிளக்கைக்கூடப் பிடுங்காம கை வெச்சிருக்கான் பாரு, அவசரக்குடுக்கை" என்றது சாவுக்கு வந்த தெரு. இவரும் தலையாட்டினார்.

இப்போது அதே ஆம்ப்புக்குள் வலது கையை விட்டார். தூசி கருகும் வாடை வந்தது, பிறகு மயிர் கருகும் வாடை. எங்கோ அடியில் ஒரு ரீங்காரம் எழுந்து, மேசைப் பலகை வழியாக அவர் முழங்கைக்கு ஏறியது. இருட்டான பெட்டிக்குள் கண்ணாடி வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

சுவரைப் பார்த்தார்.

பிளக், சாக்கெட்டில்.

கையை இழுத்துக்கொள்ள நினைத்தார். முடியவில்லை. பைக்குள் இருந்த இடது கையை யாரோ பிடித்திருந்தார்கள்.

குளிர்ந்த விரல்கள். கிதார் கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன நுனிகள்.

"அண்ணா." தங்கை வாசலில் நின்றாள், கையில் கோப்பை. "ஸ்கூல்ல என் பொண்ணைப் 'பிளக் பிடுங்கத் தெரியாதவர் பொண்ணு'ன்னு கூப்பிடறாங்களாம். அழுதுட்டே வர்றா. அன்னைக்கு நீங்கதானே கூட இருந்தீங்க. அவரு நிஜமாவே பிடுங்கலையா?"

வலது கைக்கும் கண்டென்சருக்கும் நடுவே ஒரு விரல் இடம்.

பழகிய நாக்கு முந்திக்கொண்டது. "இல்லம்மா. அவரு மறந்துட்டாரு."

பைக்குள் இருந்த பிடி இறுகியது. மெல்ல, கோபமே இல்லாமல், அவரை முன்னால் இழுத்தது.

அரை விரல்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணா," என்றாள். அப்போதுதான் அவள் பார்வை இறங்கியது. கால்சட்டைப் பைத் துணியில் இரண்டு கைகளின் முட்டிகள் புடைத்துத் தெரிந்தன. ஒன்றில் மோதிரத்தின் மேடு.

அவள் கத்தவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள். பதிலுக்காகக் காத்து நின்றாள்.

எழுந்திருங்கள் கண்ணுங்களா, வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் போனவர் பேர் கெடாமல் இருக்கட்டும். இருப்பவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசட்டும். உங்கள் கையை யார் பிடித்தாலும், அந்தக் கை சூடாக இருக்கட்டும்.