போட்டு வாங்கோ

மாற்றக் கடிதம் வந்த அண்டைக்கே எனக்கு அலுத்துப் போச்சுது. நெளுக்குளத்தில ஆறு வருசமா ஆக்களின்ர விரலைக் குத்தி, ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, மலேரியாக் கிருமி இருக்குதோ எண்டு மைக்கிரஸ்கோப்பில பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். கிருமி குறைய ஆக்கள் என்னை மறந்திட்டினம், கந்தோரும் மறந்திட்டுது. அறுபத்தோராம் ஆண்டு ஐப்பசியில ஆருக்கோ ஞாபகம் வந்து, குளத்துக்குக் கீழ புதுசாக் குடியேற்றின கொலனி ஒண்டின்ர ஆசுபத்திரிக்கு என்னைத் தூக்கி எறிஞ்சினம்.

மைக்கிரஸ்கோப் பெட்டியை மடியில வைச்சுக்கொண்டு பஸ்ஸால இறங்கினன். மழை. முந்திக் குளம் கட்டேக்க சீமெந்து மூட்டை அடுக்கி வைச்ச கட்டடந்தான் இப்ப ஆசுபத்திரி. எட்டுக் கட்டில் போட்ட ஒரு வாட். அதுக்குப் பின்னால எனக்கொரு அறை. கதவைத் திறந்தால் ஈரச் சீமெந்து மணம் மூக்கில அடைக்கும். வாட்டில வேலை செய்த சூசையம்மா, கொக்கிளாய்ப் பக்கத்து மனிசி, ஒரு விளக்குமாத்தைக் கொண்டுவந்து என்ர கையில தந்திட்டு, "உங்கட அறையை நீங்களே கூட்டுங்கோ மாஸ்டர், எனக்கு நாரி விட்டுப் போச்சு, குனியேலாது" எண்டா. அண்டு துவக்கம் எனக்கு அவாவில நல்ல பிடிப்பு.

பேய் இருட்டிலதான் வரும் எண்டு சொல்லுவினம். எனக்கு நடந்தது முழுக்க மத்தியான வெளிச்சத்தில. என்ர மைக்கிரஸ்கோப்புக்குக் கரண்ட் இல்லை, யன்னல் வெளிச்சத்தைக் கீழ இருக்கிற கண்ணாடியில பிடிச்சுத்தான் பார்க்கவேணும். மாரியில அந்த வெளிச்சம் வாறது பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில மட்டுந்தான்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் விமலேஸ்வரியை வண்டிலில கொண்டுவந்து இறக்கினவை. முப்பது வயசு இருக்கும். வடமராட்சியில இருந்து வந்து கொலனியில வயல் செய்த சிற்றம்பலத்தின்ர மனிசி. குடிச்ச தண்ணியும் தங்காமல் ஓயாத சத்தி, வயித்தாலை போக்கு. வேலியோரம் தான் நட்ட இனிப்பு வத்தாளங்கிழங்கைக் கிண்டேக்க, அதுக்குள்ள படர்ந்து கிடந்த கார்த்திகைக் கொடியின்ர நச்சுக் கிழங்கும் சேர்ந்து வந்திட்டுது. அவிச்சுத் திண்டிட்டா. யாழ்ப்பாணத்தில இருந்து வந்த ஆக்களுக்குக் கார்த்திகைப் பூவைத் தெரியும், சாமிக்கு வைப்பினம். காட்டு மண்ணில அதின்ர கிழங்கு இப்பிடிப் பருக்கும் எண்டு ஆர் கண்டது?

ஆனால் கொலனியில வேற கதை. முதல்நாள் புருசனோட சண்டையாம். தங்கச்சியின்ர கலியாணத்துக்கு ஊருக்குப் போகவேணும் எண்டு அவா, விதைப்பு நேரம் விடமாட்டன் எண்டு அவர். கோவத்தில நஞ்சு திண்டிட்டா எண்டு முடிச்சுப் போட்டினம்.

செவ்வாய்க்கிழமைகளில டவுனில இருந்து டொக்டர் செல்வநாயகம் வருவார். விமலேஸ்வரி வந்து ஏழாம் நாள், நெஞ்செலும்பில ஊசி போட்டு உள்ளுக்கை இருக்கிற இரத்தச் சாறை எடுத்துத் தந்தார். நான் கண்ணாடித் தகட்டில பூசி, காய வைச்சு, சாயம் போட்டுக் குடுத்தன். கனநேரம் பார்த்தார்.

"மாஸ்டர், இஞ்ச வந்து பாரும்."

பார்த்தன். கலங்களின்ர நடுவில ஊதா நிறத்தில குட்டிக் குட்டிக் கட்டைகள் குவிஞ்சு நிண்டது. ஒண்டு ரெண்டில்லை, பார்த்த பக்கமெல்லாம்.

"ஒரு கலம் ரெண்டாப் பிரியிறதுக்கு முதல், பரவிக் கிடக்கிற நூலெல்லாம் சுருண்டு கட்டையாகி நடுவில வந்து நிக்கும்" எண்டார். "பிறகு ரெண்டு பக்கத்தாலயும் மெல்லிய இழை வந்து பிரிச்சு இழுக்கும். இந்தக் கிழங்கின்ர நஞ்சு அந்த இழையைக் கட்ட விடாது. மூட்டை கட்டியாச்சு, வண்டில் வராது. அப்பிடியே நிக்கவேண்டியதுதான்."

"இதுக்கு மருந்து?"

"இல்லை. ஓயாமல் பிரியிற இடமெல்லாம் நிண்டுபோம். குடல், எலும்புக்குள்ள, மயிர்வேர். வெளிநாட்டில இதே நஞ்சை விட்டு நிப்பாட்டித்தான் அந்த நூலுகளை எண்ணுறாங்களாம். மனிசருக்கு நாப்பத்தாறு." கையைக் கழுவிக்கொண்டு, "வயசுப் பொம்பிளை, பாவம்" எண்டார்.

பத்தாம் நாள் பின்னேரம் விரல் குத்தப் போனன். தலைமயிர் கொத்துக் கொத்தாத் தலாணியில கிடந்தது. என்ர கையைப் பிடிச்சா. கை நெருப்பாக் கொதிச்சது.

"மாஸ்டர், நான் வேணுமெண்டு தின்னேல்லை. பயணம் வெளிக்கிட்டவள் நஞ்சு தின்னுவாளே? என்ர ட்ரங்குப் பெட்டியில, வழியில பிள்ளைக்குக் குடுக்கவெண்டு ரெண்டு துண்டு இலையில சுத்தி வைச்சனான். அடியில. அதை எடுத்து எறியச் சொல்லுங்கோ."

பிள்ளை எண்டது இரஞ்சிதம், ஏழு வயசு.

"அம்மா, பத்து நாளைக்கு முந்தி அவிச்சது. இப்ப எறும்பு திண்டிருக்கும்."

"இல்லை மாஸ்டர். அது இன்னும் சூடு ஆறேல்லை."

காய்ச்சலில பினாத்துறா எண்டு நினைச்சன். "நாளைக்குச் சிற்றம்பலம் வரச் சொல்லுறன்" எண்டிட்டுப் போய்ப் படுத்திட்டன். எனக்கு அவ்வளவு களை. விடிய அவா இல்லை.

மரண விசாரணைக்கு வந்த ஐயா சேற்றில சப்பாத்தோட நிண்டு பத்து நிமிசத்தில முடிச்சார். சண்டை பிடிச்சதோ? ஓம். கிழங்கு திண்டதோ? ஓம். தானே நஞ்சு தின்றது எண்டு எழுதினார். நான் வாய் திறந்திருக்கலாம். திறந்தால் நாளைக்கு ஒருக்கா, அடுத்த கிழமை ஒருக்கா எண்டு கந்தோருக்கு அலையவேணும். நான் திறக்கேல்லை. இதை இப்ப சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு.

பிரேதத்தை வண்டிலில ஏத்தினாப் பிறகு சிற்றம்பலம், அழுதழுது புத்தி பேதலிச்ச மனிசன், பழக்கத்தில என்னைப் பார்த்து, "அப்ப மாஸ்டர், போட்டு..." எண்டு துவங்கினார்.

சூசையம்மா அவற்ற வாயைப் பொத்தினா. "பிரேதத்தோட போகேக்க போட்டு வாறன் எண்டு சொல்லுறேல்லை தம்பி, 'வாறன்' எண்டால் போனது திரும்பி வரும். ஒண்டும் சொல்லாமல் போ."

அதுக்குப் பிறகு மூண்டாம் நாள் மத்தியானம், யன்னலைத் திறந்து மைக்கிரஸ்கோப்புக்கு முன்னால இருந்தன். மேடையில ஒரு தகடு ஏற்கெனவே கிடந்தது. என்ர கையெழுத்தில அவவின்ர பேர். எடுத்து வைக்க மறந்திட்டன் போல எண்டு அலுமாரியில வைச்சுப் பூட்டினன்.

அடுத்தநாளும் மேடையில கிடந்தது. அலுமாரித் திறப்பு என்ர இடுப்பில.

அறையில அவிச்ச கிழங்கு மணம். சீமெந்து மணத்துக்கு மேலால, இனிப்பா, ஆவியோட. நான் போய்ச் சூசையம்மாவைக் கேட்டன்.

"குசினியில சோறும் சொதியுந்தான்" எண்டா. "அந்தப் பிள்ளை செத்தாப் பிறகு நான் கிழங்கைக் கையால தொடுறேல்லை."

திரும்பி வந்து கண்ணை வைச்சன். கண் வைக்கிற குழாயில ஒரு நீட்டு மயிர் சுத்திக் கிடந்தது. எடுத்து எறிஞ்சிட்டுப் பார்த்தன். ஊதாக் கட்டைகள் அப்பிடியே நடுவில நிண்டது. காத்துக்கொண்டு நிக்கிற ஆக்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு எண்ணம் வந்திட்டுது.

மழை விட்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

என்ர முதுகுக்குப் பின்னால ஆரோ மூச்சு விட்டினம்.

"சொல்லிட்டியளோ மாஸ்டர்?"

நான் திரும்பேல்லை. ஆனாலும் வாய் தன்ர பழக்கத்தில மறுமொழி சொன்னது.

"நாளைக்கு."

இப்பிடி எத்தினை நாள். ஒவ்வொரு மத்தியானமும் அந்தத் தகடு, அந்த மணம், அந்தக் கேள்வி. ஒவ்வொரு மத்தியானமும் நான் நாளைக்கு எண்டன். ஏன் போகேல்லை எண்டு கேட்டால், போய் என்னத்தைச் சொல்லுறது? செத்தவா கேட்கிறா எண்டோ? கிழங்கு எப்பவோ அழுகியிருக்கும், மனிசனை ஏன் திரும்ப அழப்பண்ணுவான் எண்டு என்னை நானே தேத்திக்கொண்டு இருந்தன். இராவில நித்திரை நல்லா வந்தது, அதுதான் பயம். அடிச்சுப் போட்ட மாதிரிப் படுப்பன், எழும்பேக்க படுத்ததிலயும் களை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச அடுத்தநாள் சூசையம்மா மருந்துப் போத்தல் கழுவிக்கொண்டு, "சிற்றம்பலம் நாளைக்கு விடியப் பஸ்ஸில பிள்ளையைத் தாயின்ர தங்கச்சியிட்ட அனுப்புறாராம்" எண்டா. "தாயின்ர ட்ரங்குப் பெட்டியை அப்பிடியே குடுத்து விடுறாராம். திறந்து பார்க்க மனம் வரேல்லையாம், பாவம்."

நான் அறைக்குள்ள போனன். வெளிச்சம் வந்திருந்தது. கண்ணை வைச்சன்.

நடுவில நிண்ட கட்டைகள் ஆடிச்சுது.

சாயம் போட்டு, காய்ஞ்சு, ஒரு மாசமாச் செத்துக் கிடக்கிற கலங்கள். அதுக்குள்ள ஒவ்வொரு கட்டையும் நடுங்கி, மெல்ல மெல்ல நடுவை விட்டு அசைஞ்சுது.

வண்டில் வந்திட்டுது.

இந்த முறை பின்னால ஒருத்தரும் ஒண்டும் கேட்கேல்லை. ஒரு விம்மல் மட்டும்.

சைக்கிளை எடுத்தன். நாலு மைல், முழுக்கச் சேறு. பாதித் தூரம் உருட்டிக்கொண்டுதான் போனன். சிற்றம்பலத்தின்ர வீட்டு வாசலில, கயிறு போட்டுக் கட்டின ட்ரங்குப் பெட்டி. அதுக்கு மேல இரஞ்சிதம் ஏறி இருந்து காலை ஆட்டிக்கொண்டு இருந்தது.

"மாமா, எனக்குப் பெட்டிக்குள்ள அம்மா தின்ன வைச்சிருக்கிறா. மணக்குது" எண்டுது.

"இறங்கு பிள்ளை."

சிற்றம்பலம் உள்ளுக்கை இருந்து வந்தார். நான் ஒண்டும் விளங்கப்படுத்தேல்லை. கயிறை அவிழ்த்தன். சீலை, பிள்ளையின்ர சட்டை, கலியாணத்துக்கெண்டு வாங்கின ஒரு சோடி வளையல். அடியில வாழையிலைப் பொட்டலம். இலை வாடேல்லை. கையில எடுத்தன்.

சூடு.

அடுப்பால இப்பத்தான் இறக்கின மாதிரிச் சூடு. பிரிக்க ஆவி எழும்பிச்சுது. ரெண்டு துண்டு.

"ஆர் வைச்சது?" எண்டு சிற்றம்பலம் கேட்டார்.

"உங்கட மனிசிதான். பிள்ளைக்கெண்டு. சாக முதல் என்னட்டைச் சொன்னவா, எறியச் சொல்லி. நான் உங்களிட்டைச் சொல்லேல்லை. பிழை என்னில. சிற்றம்பலம், நஞ்செண்டு தெரிஞ்சு திண்டவா பெத்த பிள்ளைக்கும் எடுத்து வைப்பாவே?"

அவர் அப்பிடியே சேற்றில குந்தினார். "என்னில கோவிச்சுக்கொண்டு செத்தவள் எண்டுதானே மாஸ்டர் ஒரு மாசமா நான் சோறு திண்டது" எண்டு சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதன். பிறகு ரெண்டு பேருமா வளவின்ர மூலையில ஆழமாக் கிடங்கு வெட்டி அதைத் தாட்டம். வேலியில கிடந்த கொடியையும் வேரோட கிண்டி எரிச்சம். நாளைக்கே கந்தோருக்குப் போய் விசாரணை ஐயாவிட்டை எழுதிக் குடுக்கிறன் எண்டன். செத்தவீடு, அதால போட்டு வாறன் எண்டு சொல்லாமல் எழும்பி வந்தன்.

ஆசுபத்திரிக்கு வரேக்க வெளிச்சம் முடியப் பார்த்தது. யன்னலடிக்கு ஓடினன். தகடு மேடையில கிடந்தது. கண்ணை வைச்சன்.

பிரிஞ்சிட்டுது. ஒவ்வொரு கலமும் ரெண்டா, வடிவா, நடுவில வெறுமையா. நிண்டது ஒண்டும் இல்லை. கிழங்கு மணமும் இல்லை, பழைய சீமெந்து மணந்தான்.

கதவடியில சீலை உரசின சத்தம் கேட்டது. மெல்லிய குரல்.

"அப்ப மாஸ்டர், போட்டு வாறன்."

எவ்வளவு ஆறுதல் எனக்கு. ஒரு மாசக் களை ஒரேயடியா இறங்கிச்சுது. கதிரையில சாய்ஞ்சு கண்ணை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வந்து போற எந்த மனிசருக்கும் சொல்லுற மாதிரி, யோசியாமல் சொன்னன்.

"ஓம். போட்டு வாங்கோ."

சொல்லி முடிஞ்ச பிறகுதான் காதில விழுந்தது.

அடுத்தநாள் கந்தோருக்குப் போனன், எழுதிக் குடுத்தன், திருத்தினவை. இரஞ்சிதம் சுகமா ஊர் போய்ச் சேர்ந்திட்டுது. அதுக்குப் பிறகு நான் மூண்டு இடம் மாறிட்டன். இப்ப ஆர் போட்டு வாறன் எண்டு சொன்னாலும் நான் வாய் திறக்கிறேல்லை, மரியாதை தெரியாத மனிசன் எண்டு பேரும் எடுத்தாச்சு. அந்தத் தகட்டை உடைச்சு, கிணத்தடியில தாட்டிட்டுத்தான் கொலனியை விட்டு வந்தனான்.

இண்டைக்கு மத்தியானம் யன்னலைத் திறந்தன். மேடையில கிடந்தது. உடைஞ்ச அடையாளமே இல்லை. நடுவில கட்டைகள் வரிசையா நிக்குது. எடுத்துப் பார்த்தன், கண்ணாடி இன்னும் ஆறேல்லை.