பொட்டு வைத்த டிஸ்க்

தனப்பிரியாவின் அப்பா தை மாதத்தில் இறந்துபோனார். அவர் பெயர் தமிழரசு. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் லாரியோடு வடக்கே போய், மாதக்கணக்கில் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். போன இடத்தில் லாரி கவிழ்ந்தது. அவருடைய போனும் அதில் நசுங்கிவிட்டது.

வேலை செய்யும் இடங்களில், வீட்டு ஆட்களிடம் பேசுவதுபோல அவர் நிறைய வீடியோ எடுப்பார். ஊருக்கு வரும்போதெல்லாம் அவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரின் டிஸ்கில் ஏற்றி வைப்பார். இனி அவர் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் அந்த டிஸ்க் ஒன்றுதான் வழி.

ஆறாம் வகுப்புப் படிக்கும் தனப்பிரியா, பள்ளி விட்டு வந்ததும் தினம் ஒரு வீடியோ பார்ப்பாள். அம்மா சுகன்யா பார்ப்பதில்லை. அந்தக் குரல் கேட்டாலே எழுந்து புழக்கடைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் வீடியோ பாதியில் நின்றது. திரையில் அப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. தனப்பிரியா தட்டித் தட்டிப் பார்த்தாள். அண்ணன் கோகுல்ராஜைக் கூப்பிட்டாள். அவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு என்ஜினீயரிங் படிக்கிறான். எதைக் கேட்டாலும் பெரிய விளக்கமாகக் கொடுப்பான். வீட்டு மிக்சியை மட்டும் அவனுக்குச் சரிசெய்யத் தெரியாது. அன்றைக்கு அவன் விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. டிஸ்க் சாகப்போகிறது என்று மெதுவாகச் சொன்னான்.

சனிக்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறி, ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடையிலிருந்து புது டிஸ்க் வாங்கி வந்தான். பழையது எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி, அதே அளவு. இரண்டு டிஸ்க் செருகும் ஒரு பெட்டியும் கூடவே வந்தது. அதற்குப் பெயர் சர்வர். அது வீட்டில் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்குமாம். ஒரு டிஸ்கில் எழுதுவதை இன்னொன்றிலும் அப்படியே எழுதிக்கொள்ளுமாம்.

“நீ பரீட்சையில பக்கத்து பெஞ்சப் பாத்து எழுதுவியே, அடிச்சது திருத்துனது வரைக்கும். அந்த மாதிரி” என்றான் அண்ணன். “ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொண்ணு அப்பாவக் காப்பாத்தும்.”

நான் ஒன்றும் அப்படி எழுதுவதில்லை என்று தனப்பிரியா முறைத்தாள். ஆனாலும் விஷயம் புரிந்தது.

பழைய டிஸ்கைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, புதியதன் பக்கத்தில் மேசைமேல் வைத்துவிட்டு அவன் குளிக்கப் போனான். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தாலும் குழப்பம் வராது. பழையதன்மேல்தான் அத்தனை தூசு அப்பியிருந்ததே.

குளித்து வந்து பார்த்தால் இரண்டும் பளபளவென்று இருந்தன. ஒன்றின்மேல் மட்டும் சந்தனமும் குங்குமமும் வைத்த பொட்டு. அம்மாவின் வேலை. கோகுல்ராஜ் லேசாகச் சிரித்தான். அந்த ஊரில் புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வைத்துவிட்டுத்தான் ஓட்டுவார்கள். லாரிக்கும் வைப்பார்கள், கம்ப்ரசருக்கும் வைப்பார்கள். அப்படியானால் பொட்டு வைத்தது புதுசு, வைக்காதது பழசு. அவன் கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது.

பொட்டு இல்லாததை முதல் இடத்திலும், பொட்டு வைத்ததை இரண்டாம் இடத்திலும் செருகினான். பெட்டியோடு இணைத்த அவன் லேப்டாப் திரையில் ஒரு கேள்வி வந்தது. முதல் டிஸ்கில் இருப்பது இரண்டாவதில் எழுதப்படும், இரண்டாவதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று கேட்டது.

பக்கத்தில் நின்ற தனப்பிரியாவும் அதைப் படித்தாள். வெறுந்தாளைப் பார்த்து எழுதினால் எழுதுகிற தாளும் வெறுந்தாளாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் இடத்தில் இருக்கும் பொட்டு வைத்த டிஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சரியில்லை.

“அண்ணா, நில்லு. அது புதுசுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“பொட்டு வெச்சிருக்குதே.”

“போன மாசம் புது குக்கர் வந்துச்சே, அம்மா பொட்டு வெச்சாங்களா?”

கோகுல்ராஜின் விரல் பட்டன்மேலேயே நின்றது. துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது, புதுச் சாமானுக்குப் பூஜை கிடையாது. இந்த வருஷம் முழுவதும் அம்மா பொட்டு வைத்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். தினமும் காலையில் அப்பாவின் படத்துக்கு.

திறந்து பார்த்துவிடலாமே என்றாள் தனப்பிரியா. அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினான். பழைய டிஸ்க் எந்த நிமிஷமும் நின்றுவிடலாம், சும்மா சுற்றவிட்டுப் பார்க்கவே பயம், காப்பி எடுப்பதை ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்றான். அம்மாவிடம் அப்பாவைப் பற்றி எதுவும் கேட்காதே என்றும் கெஞ்சினான். கேட்டால் அம்மா இரண்டு நாள் சாப்பிடமாட்டார்.

ஆனால் கேட்காமல் எப்படி? தனப்பிரியா சமையலறைக்குப் போனாள். அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். அவள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, எந்த டிஸ்குக்குப் பொட்டு வைத்தீர்கள் என்று கேட்டாள்.

அம்மாவின் கை நின்றது.

“பழசுக்குத்தான் சாமி. தூசு தொடச்சிட்டு, படத்துக்கு வெக்கிறாப்பல வெச்சேன். அவரு அதுக்குள்ளதான இருக்காரு” என்றார். பிறகு முகம் மாறியது. “ஏன், வெக்கக் கூடாதா? ஏதாச்சும் கெட்டுப்போச்சா?”

கோகுல்ராஜ் அவள் பின்னாலேயே வந்து சமையலறை வாசற்படியில் நின்றிருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் தனப்பிரியா முந்திக்கொண்டாள்.

“ஒண்ணும் ஆகலைம்மா. எதுல அப்பா இருக்காருன்னு அண்ணனுக்குத் தெரியல. நீங்க பொட்டு வெச்சது நல்லதாப் போச்சு.”

அண்ணன் ஓடிப்போய் டிஸ்குகளை இடம் மாற்றினான். காப்பி ஓடத் தொடங்கியது. மின்சாரம் ஏறி இறங்கிவிடக் கூடாது என்று அன்று அந்த வீட்டில் மிக்சி ஓடவில்லை, மோட்டார் போடவில்லை. சட்னி இல்லாத தோசையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காப்பி முடிந்துவிட்டதாகத் திரை சொன்னது. தனப்பிரியாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

“நெசமாவே காப்பாத்துமான்னு பழசக் கழட்டிட்டுப் பாரு அண்ணா.”

அப்படித்தான் சோதிக்க வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் கை போகவில்லை. தனப்பிரியாதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பழைய டிஸ்கை வெளியே இழுத்தாள். பெட்டி வீல் என்று கத்தியது. அம்மா கரண்டியோடு ஓடிவந்து வாசற்படியில் நின்றார்.

கோகுல்ராஜ் வீடியோவைத் தட்டினான். திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு அப்பா வந்தார். தலை முதல் கால் வரை பாறைத்தூள். கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன.

“தண்ணி வரல அம்முணி. இன்னிக்கு வெறும் பாறத்தூள் பொகதான்” என்றார் அப்பா. “உங்கம்மா எங்க? அவளயும் கூப்புடு.”

கோகுல்ராஜ் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அப்பா இறந்தபிறகு அவன் அழுதது இதுதான் முதல் தடவை. தனப்பிரியா அவன் முதுகில் கை வைத்தாள். அம்மா புழக்கடைக்குப் போய்விடுவார் என்று நினைத்து மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

“இங்கதாங்க இருக்கேன்” என்று திரையைப் பார்த்துச் சொன்ன அம்மா, இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார்.