பரணைப் பார்த்து நின்றவன்

அயோவாவில் சோள அறுவடை முடிந்திருந்த ஒரு நவம்பர் மதியம், கெண்ட்ராவும் அவள் அண்ணன் டுவைட்டும் வேட்டைக்கென்று புதிதாக வாங்கிய காட்டுத் துண்டில் வண்டியை நிறுத்தினார்கள். டுவைட் பிளாஸ்டிக் கலைமானைத் தோளில் சுமந்து வந்து, அவள் ஏறப்போகும் மரத்துப் பரணைப் பார்த்தபடி வெட்டவெளியில் நட்டுவைத்தான்.

"நம்ம இடம் கைக்குட்டை அளவு. பக்கத்து நிலத்து மானை இழுக்க இதுதான் வழி. நிஜக் கெடாமான் இது முகத்துக்கு நேரா சண்டைக்கு வந்து நிக்கும். முதுகு உன் பக்கம் இருக்கும். தூங்கி விழுந்துடாத, கழுத."

"நீ வண்டியில குறட்டை விடாம இரு. மான் ஓடிடும்."

பரணில் ஈர இலை வாசனை. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கெடா வந்தது. காதை மடக்கி, மயிர் சிலிர்த்து, பொம்மையை நெருங்கியது. கெண்ட்ரா வில்லின் நாணை இழுத்தாள்.

கெடா பொம்மைக்கு அப்பால் எதையோ பார்த்தது. சீறிவிட்டு ஓடியே போனது.

அங்கே மரங்களுக்கிடையே டுவைட் நின்றுகொண்டிருந்தான், மதியம் போட்டிருந்த அதே ஆரஞ்சுச் சட்டையில்.

'கெடுத்துட்டானே' என்று எரிச்சலோடு கையசைத்தாள். அவன் அசையவில்லை.

சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

"என்னடி, ஏதாவது வந்துச்சா?" டுவைட்டின் குரல்.

எதிரே நின்றவனின் உதடு அசையவில்லை.

"நீ எங்க இருக்க?" என்று கிசுகிசுத்தாள்.

"வண்டியிலதான். காபி குடிக்கறேன்."

காற்றில் சருகெல்லாம் பறந்தது. அந்தச் சட்டையின் ஓரம்கூட ஆடவில்லை. முகம் பரணுக்கு நேராக இருந்தது.

யாரோ அதை அவளுக்காக நட்டு வைத்திருக்கிறார்கள்.

நட்டவர் பக்கத்தில்தான் பதுங்கியிருக்க வேண்டும்.

"கால் மாட்டிக்கிச்சு, கெண்ட்ரா. இறங்கி வாயேன்."

டுவைட்டின் குரல்தான். ஆனால் போனில் அல்ல. அவளது மரத்தடியிலிருந்து.

அவள் கீழே பார்க்காமல் போனில் சொன்னாள்: "அண்ணே, ஹாரன் அடிச்சுக்கிட்டே மரத்தடிக்கு வண்டியைக் கொண்டு வா. சீக்கிரம்!"

அவன் வந்தபோது அங்கே பிளாஸ்டிக் மான் மட்டும்தான் இருந்தது. வழி நெடுக அவளைக் கேலி செய்து சிரித்தான்.

முதல் பனி விழுந்த காலையில், அவள் தன் வீட்டுச் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது அவன் அழைத்தான்.

"ஏன்டி பனியில நிக்கற? கதவைத் தட்ட வேண்டியதுதானே?"

"எங்க நிக்கறேன்?"

"என் வீட்டுப் பின்னால. வீட்டையே முறைச்சுப் பாத்துக்கிட்டு. கையாட்டினா மூஞ்சியை உம்முனு வச்சிருக்க. இன்னும் கோவமா? இரு, வர்றேன்."

"அண்ணே, நான் என் வீட்ல இருக்கேன்! போகாத! அது நானில்ல!"

போனை மேசைமேல் வைக்கும் சத்தம். கதவு திறந்தது. பனியை மிதித்து அவன் பூட்ஸ் சத்தம் நொறுநொறுவென்று தூரப் போனது.

நடுவழியில் சட்டென்று நின்றுவிட்டது.