அறுபத்தொன்றாம் மரத்தின் பை

காலை 9.10. கொரியாவின் கோங்ஜு ஒட்டு ரகப் பண்ணையில் அறுபத்தொன்றாம் மரத்துக் கஷ்கொட்டையைக் கீறி வறுத்தார்கள். உள்தோல் தானாகக் கழன்றிருக்க வேண்டும். விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ரகங்களைக் கலந்து, பதினெட்டு வருடம் அந்த மரத்துக்காகக் காத்திருந்த ஆராய்ச்சியாளர் பியோ சங்மோ, அது தன் மரத்துக் கொட்டையே இல்லை என்று போலீஸுக்குப் போன் செய்தார். பையை யாரோ மாற்றியிருந்தார்கள். மதியம் தேர்வுக் குழு வருகிறது. தேறாத மரத்தை வெட்டிவிடுவார்கள்.

10.00. இன்ஸ்பெக்டர் மா குவிநாம் வந்தார். ஓய்வுக்கு நாற்பது நாள் இருக்கிறது, முழங்காலோ இப்போதே ஓய்வு கேட்கிறது. கொட்டைக்கெல்லாம் துப்புத் துலக்க வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பு வேறு.

"பை இருந்த குளிர் அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, மேங்கிட்ட, ஒக்புன் அக்காகிட்ட," என்றார் பியோ.

மேங் பண்ணையின் துணை ஆராய்ச்சியாளர். அவர் வளர்த்த இருபத்துமூன்றாம் மரமும் இன்று போட்டியில் இருந்தது.

"உங்க மரம் ஜெயிக்கணும்னு ஆசைதானே?"

"ஆசைதான் சார். அதுக்காக அடுத்தவர் வயித்துல அடிப்பேனா?"

ஒக்புன் காலையில் இங்கே கொட்டைகளை வறுத்துச் சோதிப்பவள். மதியம் ஊர்க் கொட்டகையில் கத்தியால் தோல் சீவுபவள், முப்பது வருடமாக.

"நேத்து அறையைப் பூட்டினது?"

"நான்தான் சார்," என்றாள் ஒக்புன்.

மா குவிநாம் இரண்டு மரத்துப் பைகளையும் மேசையில் கொட்டினார். இருபத்துமூன்றில் பெரிசு, சிறிசு, சப்பை, புழு துளைத்தது எல்லாம் கலந்து கிடந்தன. அறுபத்தொன்றில் எல்லாம் ஒரே அளவு. ஒரு சொத்தைகூட இல்லை.

"இருபத்துமூணு ஏன் இவ்வளவு கலவையா இருக்கு?"

"விழுந்ததை அப்படியே அள்ளுவோம் சார். சொத்தையையும் எண்ணினாத்தான் மரத்தோட குணம் தெரியும்," என்றார் மேங்.

11.20. மூவரையும் உட்காரவைத்தார்.

"மேங் மாத்தியிருந்தா சொத்தையும் சேர்த்துப் போட்டிருப்பார். அவர் படிச்சது அது. கொட்டகையில சொத்தையைப் பொறுக்கி எறிஞ்சே பழகின கைக்கு அதைப் பையில போட மனசு வராது. இல்லையாக்கா?"

ஒக்புன் கையைப் பார்த்துக்கொண்டாள். "தோல் தானா கழண்டா, கொட்டகையில சீவுற எங்க பதினாலு பேருக்கும் என்ன வேலை சார்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா," என்றார் பியோ.

"சொல்லியிருந்தா மரத்தை வெட்டியிருப்பீங்களா?"

மா குவிநாம் குறுக்கிட்டார்.

"அந்தக் கொட்டையெல்லாம் எங்க?"

"வீட்டு ஃப்ரிட்ஜ்ல. நல்ல கொட்டையைத் தூக்கிப் போட முடியுமா?"

12.40. பை திரும்பி வந்தது. மா குவிநாம் நீட்டிய புகார்த் தாளில் பியோ கையெழுத்துப் போடவில்லை. குழுவின் முன்னால் ஒக்புன்தான் வறுத்தாள். கட்டைவிரல் பட்டதுமே தோல் முழுசாகக் கழன்றது. ஒன்றை வாயில் போட்டு மென்றாள்.

"இனிப்பாவும் இருக்கு," என்று அலுப்போடு சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த தோல் சீவும் கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.